மிளகுக்கொடி படர்ந்த ரோமாபுரிக் கட்டில்

முப்பத்தோராவது வளைவில் என் பிரம்புக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

நாற்காலி பின்னும் பிரம்பு நாரை வட்டமாகச் சுருட்டிக் கட்டி வைப்போம். கட்டு அவிழ்ந்தால் அது சும்மா கிடக்காது, எகிறும். கொல்லிமலைக்கு ஏறும் பேருந்து அந்த வளைவில் ஒரு குலுக்குக் குலுக்கியது. என் காலடியில் இருந்த சுருள் சீறிக்கொண்டு எழுந்து, நடத்துநரின் காலைச் சுற்றி, முன் இருக்கை அம்மாவின் கோழிக்கூடைக்குள் நுழைந்து, ஓட்டுநரின் முதுகைத் தொட்டு நின்றது. கோழி கத்தியது. ஒரு பெரியவர் இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, இதுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்றார் நடத்துநர், ஒற்றைக் காலில் நின்றபடி.

"பிரம்புங்க. நாற்காலி பின்றது. மன்னிச்சுக்குங்க."

"நாங்கூட சாரைப்பாம்புன்னுல்ல நெனச்சேன்," என்றார் பெரியவர். பிரம்பு என்று தெரிந்த பிறகும் காலை இறக்கவில்லை.

கோழிக்கூடை அம்மாதான் என்னோடு குனிந்து சுருட்டிக் கொடுத்தார். "அழுவாதீங்க கண்ணு, யாருக்கும் ஒண்ணும் ஆவுல," என்றார். நான் அழவில்லை. அழப்போகிற மாதிரி ஒரு முகம் எனக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டது. புதுச்சேரியில் வண்டி ஏறும்போதே என்னென்ன கெடலாம் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருந்தேன். பிரேக் பிடிக்காமல் போகலாம், வாந்தி வரலாம், அட்டை கடிக்கலாம், வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று ஒன்று. நாற்பதுக்கு மேல் வந்தது. பிரம்பு அவிழும் என்பது அதில் இல்லை. இனி எந்த ஊருக்குப் போனாலும் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதவில்லை. அந்த வருஷமே மாமாவின் பட்டறையில் பிரம்பு பின்ன உட்கார்ந்துவிட்டேன். புதுச்சேரியில் பழைய வீட்டுச் சாமான்களுக்குக் குறைவில்லை. சிங்கத்தின் பாதம் மாதிரி கால் வைத்த நாற்காலி, முதுகில் இலைவளையம் செதுக்கிய சோபா, இரண்டு வாள் குறுக்கே வைத்தாற்போன்ற முக்காலி, எல்லாம் என் மடியில் வந்து போயிருக்கின்றன. "இதெல்லாம் ரோமாபுரி ராஜாக்கள் வீட்டு மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள்," என்று சாமான் சேகரிக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா எனக்குச் சொன்னார். ரோமாபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிங்கத்துக்கு எத்தனை விரல் என்று இருட்டில் தடவிச் சொல்வேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாகப் பின்னுகிறேன். என் கை பின்னியது கிழிந்து திரும்பி வந்ததே இல்லை. ஒரே ஒரு சட்டம் தவிர. அது கொல்லிமலையிலிருந்து வந்தது.

ஆறடி நீளம், இரண்டடி அகலம். வெறும் மரச்சட்டம். ஒரு கட்டிலின் மேல் எடுத்து வைக்கிற படுக்கைப் பகுதி மட்டும். மலைமேல் செம்மேட்டில் இருக்கும் நர்ஸ் எஸ்தர் சிஸ்டரின் அண்ணன் மகள் எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவர், காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். பின்னி அனுப்பினேன். நான்கு மாதத்தில் கிழிந்து வந்தது. மறுபடி, இன்னும் தடித்த பிரம்பில், கை நோக இழுத்துப் பின்னி அனுப்பினேன். இந்தத் தடவை சிஸ்டர் வீட்டில் நடந்த ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சியில், மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது நடுவில் பொத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் சித்தப்பா உள்ளே இறங்கிவிட்டாராம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தப் பேச்சு மலை முழுக்கப் போய்விட்டது.

"உங்க மேல குத்தம் சொல்லலை சரோஜா," என்றார் எஸ்தர் சிஸ்டர் போனில். "ஆனா சனிக்கிழமை தச்சர் வந்து பிளைவுட் அடிச்சு, பஞ்சு வச்சு, ரெக்சின் போட்டுடப் போறார். மேல ரெண்டு கழுதைத் தலை இருக்கு. அதையும் அறுத்தாத்தான் பஞ்சு சரியா உக்காருமாம்."

கழுதைத் தலையா? அந்தக் கட்டிலை நான் பார்த்ததே இல்லை. என் பின்னல் இரண்டு முறை பொத்துப்போனதால் அதன் தலையை அறுக்கப் போகிறார்கள். "நானே வந்து பின்னித் தரேன். சனிக்கிழமை வரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எழுபது வளைவு என்பது ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செம்மேடு வந்து சேர்ந்தேன். எஸ்தர் சிஸ்டர் பேருந்து நிலையத்தில் குடையோடு நின்றிருந்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக மலைக்கு மாற்றலாகி வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் இறங்கிப் போகவில்லை. கடைத்தெருவில் நடந்தால் இரண்டடிக்கு ஒருவர் நிறுத்தி நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் சூப் வாங்கிக் கொடுத்தார். ஆட்டுக்கால் சூப் மாதிரியே வாசனை. செவ்வாய்க்கிழமை நான் கவிச்சி தொடமாட்டேன். கடைக்காரரிடம் மூன்று முறை கேட்டேன். அவர் பொறுமையிழந்து, ரோமம் அடர்ந்த ஒரு கிழங்கை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதாங்க ஆடு. கத்துதான்னு கேட்டுப் பாருங்க," என்றார். முடவாட்டுக்கால் கிழங்காம். மிளகு காரத்தில் காது அடைத்துத் திறந்தது. இரண்டாவது கிளாஸ் நானே கேட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் கடல் காற்றில் மிளகுப் பொடி கட்டிதட்டிப் போகும். இங்கே மிளகு வேறு சாதியாக இருக்கிறது.

பிறகு கட்டிலைப் பார்த்தேன்.

எஸ்தர் சிஸ்டர் வீட்டு முன்னறையில் பாதியை அது அடைத்திருந்தது. பலா மரம், தேன் நிறத்துக்குப் பழுத்துப் போயிருந்தது. கடைந்த கால்கள், மணி மேல் மணி வைத்தாற்போல. இரண்டு பக்கமும் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து எழும்பும் சாய்மானம். அந்த வளைவின் உச்சியில், ஆமாம், கழுதை. காதை மடித்து, தலையைத் திருப்பி, யாரோ கூப்பிட்ட மாதிரி பார்க்கிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கழுத்தைச் சுற்றி ஒரு கொடி.

"ஒரு காலேஜ் வாத்தியார் வந்து பார்த்துட்டு, இது அச்சு அசல் ரோமாபுரி மாடல்னார்," என்றார் சிஸ்டர். "அங்க பெரிய மனுஷங்க இடது முழங்கைய ஊணி சாஞ்சுக்கிட்டேதான் சாப்பிடுவாங்களாம். அவங்க கட்டில்லயும் கோவேறு கழுதைத் தலையும் திராட்சைக் கொடியும் இருக்குமாம். முன்னாடி இங்க காப்பித் தோட்டம் வச்சிருந்த வெள்ளைக்காரர் யாரோ புஸ்தகத்துல படம் காட்டி, மலை ஆளை வச்சே செய்யச் சொன்னதுன்னு சொல்றாங்க. வீட்டை வாங்கினப்ப இதுவும் கூடவே வந்துச்சு. கதவு வழியா வெளிய போவலை."

நான் கொடியைத் தடவினேன். அது திராட்சை இல்லை. இலை இதய வடிவம், காய் சரமாகத் தொங்குகிறது. மிளகு! செதுக்கியவர் திராட்சையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். படத்தில் ஒரு கொடி, அதில் கொத்துக் கொத்தாகக் காய். தன் தோட்டத்தில் ஏறுகிற கொடியையே ஏற்றிவிட்டார். எனக்கு அந்த மனிதரை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. இதை அறுத்துவிட்டு ரெக்சின் போடுவார்களாம்!

புதன்கிழமை காலை வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் தச்சர் கந்தசாமி அளவு நாடாவோடு வந்துவிட்டார். ராசிபுரத்துக்காரர், செம்மேட்டில் பட்டறை போட்டிருக்கிறார். என்னையும் என் பிரம்புச் சுருளையும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏனுங்க, நீங்கதான் அந்தச் சித்தப்பாவைக் கவுத்த அம்மாவா?"

சிஸ்டர், "கந்தசாமி, வாயை அளந்துட்டு வந்தியா?" என்றார்.

"சும்மா கேட்டேனுங்க சிஸ்டர். பிளைவுட்டு போட்டா ஆனையே உக்காரலாமுங்க. கழுதைக்கு இத்தன சோடனை எதுக்கு?" அளவெடுத்து, கழுதையின் கழுத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். அந்தக் கோட்டை நான் எச்சில் தொட்டு அழித்தேன். சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அதற்குள் முன்னறையில் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்க, மாத்திரைச் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்ல, சும்மா பார்த்துவிட்டுப் போக என்று காலையில் நாலைந்து பேர் வருகிறார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் கட்டிலில் ஏற்கெனவே இருப்பவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விடுகிறார்கள். காலியாக நாற்காலி கிடந்தாலும் அதில் போய்த் தனியாக உட்காருவதில்லை. அப்படி உட்கார்ந்தால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தமாம். ஒருவர் சாய்ந்து சாப்பிடுவதற்கு ரோமாபுரியில் கண்டுபிடித்த கட்டிலில் கொல்லிமலையில் இரண்டு பக்கமும் கால் தொங்கப்போட்டு ஏழு பேர் உட்காருகிறார்கள். பொத்துப்போன சட்டத்தின் மேலேயே பலகை போட்டுச் சமாளித்து வந்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை. பலகையை எடுத்துவிட்டு, சிஸ்டரையும் பக்கத்துத் தோட்டத்துக் காளியம்மாவையும் சட்டத்தின் விளிம்பில் உட்காரச் சொன்னேன். காளியம்மா மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், என் வயதுதான், சிரித்துக்கொண்டேதான் எதையும் சொல்வார். நான் போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனேன்.

அடியிலிருந்து பார்த்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. என் சட்டம் கட்டிலின் சட்டமே இல்லை. பிற்காலத்தில் யாரோ சமவெளித் தச்சர் செய்து மேலே வைத்தது. நான்கு மூலையில் மட்டும்தான் அதற்குத் தாங்கல். ஆள் உட்கார்ந்ததும் நீளக் கட்டைகள் இரண்டும் வில்லாக வளைந்து வெளியே விரிகின்றன. பிரம்பு எவ்வளவு நல்ல பிரம்பாக இருந்தால் என்ன, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் கிழியத்தானே செய்யும்? என் கை தப்பு செய்யவில்லை! கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டே கத்திவிட்டேன்.

"பூரான் கடிச்சுப்போச்சாங்க?" என்றார் காளியம்மா மேலிருந்து.

"இல்லீங்க! நீங்க ஆடாம உக்காருங்க!"

அடுத்து இன்னொன்று கண்ணில் பட்டது. கட்டிலின் அசல் கட்டை, உள்ளங்கை அகலம். அதில் வரிசையாக மண் பொட்டுகள். குளவி கட்டிய மண். ஊசியால் ஒன்றைக் குத்தினேன், மண் உதிர்ந்து துளை திறந்தது. அடுத்ததையும் குத்தினேன். நீளவாக்கில் பக்கத்துக்கு முப்பத்து நான்கு, அகலவாக்கில் பக்கத்துக்குப் பதினொன்று. சுண்டு விரல் நுழைகிற துளை. பிரம்புக்கு இவ்வளவு பெரிய துளை யாரும் போடமாட்டார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே, அடிப்பக்கத்தில், மரம் வழுவழுப்பாகத் தேய்ந்து வாய்க்கால் மாதிரி இருந்தது. விரல் வைத்தேன், விரல் பதிந்து உட்கார்ந்தது. கிணற்று விளிம்புக் கல்லில் பார்த்திருக்கிறோமே, அதே தடம். கயிறு!

இந்தக் கட்டில் கயிற்றுக்காகப் பிறந்தது. நடுவில் யாரோ நாகரிகமாக இருக்கட்டும் என்று பிரம்புச் சட்டத்தைச் செருகிவிட்டார்கள்.

கயிறு வாங்க அன்றைக்கே சோளக்காடு சந்தைக்கு ஓடினேன். பலா, அன்னாசி, மலை வாழை, மூட்டை மூட்டையாக மிளகு. கயிறு என்று கேட்டால் எல்லாக் கடையிலும் நீல நைலானை எடுத்து நீட்டினார்கள். ரோமாபுரிக் கட்டிலுக்கு நீல நைலானா? வேண்டாம் என்று திரும்பினால், பேருந்து என் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது. கையில் வாழைப்பழச் சீப்போடு அரை மணி நேரம் நின்றேன். இருட்டிவிட்டால், மழை வந்தால், காட்டெருமை வந்தால் என்று மனத்தில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. வந்ததோ அன்னாசி ஏற்றிய ஒரு சின்ன வண்டி. ஓட்டுநர், "சிஸ்டர் ஊட்டுக்குத்தானுங்களே? ஏறுங்க. எங்கம்மாவுக்கு ஊசி போட்டவங்க ஊட்டு விருந்தாளிய ரோட்டுல உட்டுட்டா எனக்குச் சோறு கெடைக்காது," என்றார். நான் யார் என்று நான் சொல்லவே இல்லை. புதுச்சேரியில் பக்கத்துத் தெருவுக்கே நான் யார் என்று தெரியாது.

வெறும் கையோடு வந்ததைக் கேட்டுக் காளியம்மா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "கயித்துக்கா சோளக்காடு போனீங்க? எங்கூட்டுப் பரண்மேல நாலு சுருள் கெடக்குது. கத்தாழ நாரு. மாட்டுக்குத் திரிச்சது."

பொன்னிறம், முறுக்கு ஒரே சீர். என்ன கொடுக்கட்டும் என்று கேட்டேன். வீட்டுக்குள் போய், விளிம்பு பிரிந்த மூன்று முறங்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். அன்று மாலையே மூன்றுக்கும் பிரம்பால் ஓரம் கட்டிக் கொடுத்தேன். பேருந்தை மிரட்டிய பிரம்பு கடைசியில் அதற்குத்தான் ஆனது. இரவுச் சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் அவர் வீட்டிலிருந்து வந்தது. நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கயிற்றை வாளித் தண்ணீரில் ஊற வைத்தேன்.

பிரம்புக்காரி வேறு என்ன செய்வாள்? பிரம்பை ஊற வைத்துத்தான் பின்ன வேண்டும். ஈரத்தில் வளையும், காய்ந்ததும் இறுகும். இது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. பிரம்புச் சட்டத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஊறிய கயிற்றைக் கட்டிலின் துளைகளில் அகலவாக்கில் இழுத்துக் கோத்தேன், நீளவாக்கில் மேலும் கீழுமாக நுழைத்தேன். கட்டில் பின்னல் எனக்கு முன்பின் தெரியாது. ஆனாலும் துளையும் தடமும் வழி காட்டின. நல்ல வெயில், காற்று. சாயங்காலம் முடித்தபோது கல் மாதிரி இருந்தது. சிஸ்டர் கைதட்டினார். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியையும் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தேன். பல வருஷத்துக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து வந்து பார்த்தால், கட்டில் குழந்தையைப் போடும் ஏணை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

கையை வைத்தேன், கை உள்ளே போனது. ஒவ்வொரு இழையும் தளர்ந்து, காற்றில் ஆடுகிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குப் பத்து மணி. ரம்பம். இரண்டு கழுதைகளும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது முறையும் தோற்றவள் என்று ஊருக்கு எப்படித் திரும்புவேன்? இனி எந்த வீட்டு நாற்காலியை எந்த முகத்தோடு மடியில் வைப்பேன்?

காளியம்மா வந்து பார்த்தார். கயிற்றை முகர்ந்தார். வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கயித்த ஊறப் போட்டீங்களா?"

"ஆமாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து சிஸ்டர் ஓடி வந்துவிட்டார். "அட சாமி! மழையில நனைஞ்சா மாட்டுக் கயிறு முடிச்சவுக்க முடியாம இறுகிப் போவும். வெயில்ல காஞ்சா தொளதொளன்னு கெடக்கும். இது எங்கூட்டுக் கன்னுக்குட்டிக்கே தெரியுமுங்க. நீங்க ஈரத்துல இழுத்துக் கட்டிப்புட்டீங்க, அது காஞ்சு நீண்டுக்குச்சு."

எனக்குச் சட்டென்று விளங்கியது. பிரம்புக்கு நேர் எதிர்! முப்பது வருஷம் என் கைக்குத் தெரிந்த ஒரு பாடத்தை இந்தக் கயிறு தலைகீழாகப் படித்து வைத்திருக்கிறது. அப்படியானால் நன்றாகக் காய்ந்த கயிற்றை இழுத்துக் கட்டினால்?

"மலையில பனி எறங்கறப்ப அதுவா இறுகிக்கும்," என்றார் காளியம்மா. "எந்திரிங்க. அழுவறதுன்னா சனிக்கெழம சாயங்காலம் அழுவலாம், இப்ப வேல கெடக்குது."

அவிழ்த்தோம். அவிழ்த்த கயிற்றைச் சுருள் சுருளாக அவர் வீட்டு அடுப்புக்கு மேல் பரணில் போட்டார். மிளகும் சோளக் கதிரும் காய்கிற இடம். எஞ்சியிருந்த ஈரமும் போய், கயிறு புகை வாசனையோடு மொறுமொறுவென்று வந்தது. மத்தியானம் மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்டினியும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

கோக்கும்போது ஒரு சிக்கல். காளியம்மா கட்டையில் காலை ஊன்றி ஒரு இழையை இழுப்பார், அடுத்ததற்குப் போவதற்குள் முந்தியது ஒரு நூல் அளவு தளர்ந்துவிடும். அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அது பரவாயில்லை. ஏழு பேருக்குப் போதாது. அங்கேதான் என் தொழில் கை கொடுத்தது. பிரம்பு பின்னும்போது ஒவ்வொரு துளையிலும் ஒரு மர ஆப்பைச் செருகி இழையைப் பிடித்து வைப்போம். என் பையில் அறுபது ஆப்பு இருந்தது, எல்லாம் சிறியவை. சிஸ்டர் கொல்லையிலிருந்து கொய்யாக் கிளையை வெட்டி வந்தார். மூவரும் உட்கார்ந்து பெரிதாகச் சீவினோம். காளியம்மா இழுப்பார், நான் ஆப்பை அறைந்து இறுக்குவேன். இழுப்பு, அறை, இழுப்பு, அறை. இரண்டு பேருக்கும் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பொழுது இறங்குவதற்குள் மூலையில் கடைசி முடிச்சைப் போட்டேன். என்னுடைய பிரம்பு முடிச்சுதான், கயிற்றில் முதல் தடவை.

அன்று மாலை பனி இறங்கியது. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, ஈரம் வீட்டுக்குள் வரட்டும் என்று.

சனிக்கிழமை காலை விரலால் ஒரு இழையைச் சுண்டினேன். தம்ம் என்றது. பக்கத்து இழையும் தம்ம். கட்டிலின் குறுக்கே விரலை ஓட்டினால் அறை முழுக்கச் சத்தம். ஆப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதுவும் அசையவில்லை.

பத்து மணிக்குச் சரக்கு வண்டியில் பிளைவுட்டும் பஞ்சும் சிவப்பு ரெக்சினும் வந்து இறங்கின. கந்தசாமி ரம்பத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். முன்னறையில் அன்றைய கூட்டம் வந்து சேர்ந்திருந்தது. யாரும் உட்காரவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா கதை எல்லோருக்கும் தெரியும்.

எஸ்தர் சிஸ்டர் முதலில் உட்கார்ந்தார். காளியம்மா அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஒரு மூட்டை தூக்குகிறவர், அவர் மனைவி, மாத்திரைச் சீட்டோடு வந்த இரண்டு பேர். கயிறு ஒரு தடவை முனகியது. முனகல் அடங்கியது. ஏழாவதாக ஒரு பருத்த அம்மா தயங்கி நின்றார். "வாங்க அத்தை, கழுத ஒண்ணும் பண்ணாது," என்று ஆறு பேரும் நெருக்கி இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

கட்டில் நின்றது. கட்டை வளையவில்லை, விரியவில்லை. ஏழு பேரும் சமமாக, ஒரு விரல்கடை இறங்கி, அப்படியே இருந்தார்கள். காளியம்மா வேண்டுமென்றே ஒரு குதி குதித்தார். ஏழு பேரும் மேலே போய்க் கீழே வந்தார்கள். அறையே சிரித்தது.

கந்தசாமி சிரிக்கவில்லை. ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோள்துண்டைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போனார். ஏழு பேர் மேலே. அவர் கால் மட்டும் வெளியே. உள்ளே கட்டையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "ஏனுங்கம்மா."

"சொல்லுங்க."

"இந்த மூலை முடிச்சு எப்படிங்க போட்டீங்க? வந்து காட்டுங்க. என்னோட பிளைவுட்டை மாட்டுக் கொட்டாய்க்கு அடிச்சுக்கிறேன், அது போகட்டும்."

நான் எதிர்ப்பக்கமாகக் குனிந்து, தவழ்ந்து, உள்ளே போனேன். என் மூக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஏழு பேரின் பாரம் கயிற்றில் இருந்தது. நான் நிதானமாக, அவசரமே இல்லாமல், அந்த முடிச்சை அவருக்கு ஒவ்வொரு சுற்றாக விளக்கிக்கொண்டிருந்தேன்.